வலி நோட்டு

ஜூன் 9, திங்கள்

இந்தப் பெண்கள் விளையாட்டு விடுதிக்கு பிசியோவாக வந்து மூன்று மாதம் கழித்து இன்றைக்குத்தான் எனக்கென்று ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். பழைய ஷூக்களைப் போட்டு வைத்திருந்த அறை. பினாயில் ஊற்றிக் கழுவியும் ரப்பர் வாடை போகவில்லை. ஒரு கட்டில், வலிக்கு லேசான மின்சாரம் கொடுக்கும் டென்ஸ் மெஷின் ஒன்று, மூன்று வெந்நீர்ப் பை. இவ்வளவுதான் என் ராஜ்ஜியம்.

போன வருடம் இங்கே ஒரு பெண் யாரோ கொடுத்த சளி மாத்திரையை விழுங்கிவிட்டு ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டிக்கொண்டாளாம். அதிலிருந்து விடுதிக்குள் மாத்திரை என்ற பேச்சே கூடாது என்று விடுதியை நடத்தும் அறக்கட்டளையின் அலுவலகம் உத்தரவு போட்டுவிட்டது. மாதவிலக்கு வலிக்குப் போடும் மாத்திரைக்குத் தடை கிடையாது என்று தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தேன். "எதுக்கு மேடம் வம்பு" என்றார்கள். சரி, போங்கள். மாத்திரை இல்லாமலே செய்து காட்டுகிறேன்.

கதவுக்கு வெளியே ஆணி அடித்து ஒரு நீள நோட்டைத் தொங்கவிட்டிருக்கிறேன். பேனாவை நூலில் கட்டியாயிற்று, இல்லாவிட்டால் இந்தக் கழுதைகள் எடுத்துக்கொண்டு போய்விடும். பெயர், தேதி, வலி பத்துக்கு எத்தனை, சிகிச்சைக்குப் பின் எத்தனை. அவரவர் கையால் எழுத வேண்டும். மூடி மறைக்க இதில் என்ன இருக்கிறது?

ஜூன் 12, வியாழன்

முதல் ஆள் பேச்சியம்மாள். நானூறு மீட்டர் ஓடுகிறவள், பத்தொன்பது வயது, ஆலங்குளம் பக்கம். அம்மா பீடி சுற்றுகிறார். அக்டோபரில் மாநிலப் போட்டி. தொடர் ஓட்டத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு எழுதிப் போடலாம் என்று நாளைக்கு நாலு தடவை சொல்லுவாள். காக்கி பேன்ட் அளவு வரைக்கும் யோசித்து வைத்திருக்கிறாள்.

நோட்டில் 9 என்று எழுதியிருந்தாள். வாயைத் திறந்து ஒரு முனகல் இல்லை. ஆனால் கால் கட்டைவிரல் பக்கத்து விரல் மேல் ஏறி முறுக்கிக்கொண்டு நிற்கிறது. மற்ற விரல்கள் சுருண்டு உள்ளே போய்விட்டன.

"வாய் பேசாட்டியும் உன் கால்விரல் பேசுதே பிள்ளே" என்றேன். வெட்கப்பட்டுக் காலை இழுத்துக்கொண்டாள்.

அடிவயிற்றில் வெந்நீர்ப் பை இருபது நிமிடம். பிறகு டென்ஸ் பட்டைகள், இரண்டு முன்னால், இரண்டு இடுப்புக்குப் பின்னால். எறும்பு ஊருகிற மாதிரி இருக்கிறது என்றாள். நாலு காலில் நின்று முதுகை வளைத்து நிமிர்த்தச் சொன்னேன். முடிந்ததும் 6 என்று எழுதினாள். ஒன்பதிலிருந்து ஆறு! மாத்திரை இல்லாமல்!

ஜூன் 17, செவ்வாய்

மாரிசெல்வி: 8. பின்: 5. இவளும் தொடர் ஓட்ட அணிதான், பேச்சியின் அறைத்தோழி. இடுப்பை அழுத்திவிட்டபோது "மேடம், உங்க கைய மட்டும் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க" என்றாள். ஷர்மிளா பானுவுக்கு அரை மணி நேரம் நடந்தாலே சரியாகிவிடுகிறது. கொடுத்து வைத்தவள்.

ஜூன் 30, திங்கள்

கோச் சங்கரநயினார் சார் டீ டம்ளரோடு வந்து நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் பெண்களிடம் நேராக இதைக் கேட்கமாட்டார், கூச்சம். இருபது வருடமாக ஓட்டக்காரிகளைத் தயார் பண்ணுகிறவர், மாதவிலக்கு என்ற சொல்லுக்கு மட்டும் 'லீவு' என்பார்.

"மேடம், நல்ல வேல பாத்திருக்கிய. இது ரொம்பப் பிரயோசனம். அடுத்த லீவு என்னைக்குன்னு ஒரு கட்டம் மட்டும் போட்டுட்டியன்னா எனக்கு இன்னும் சௌகரியம்."

இந்த விடுதியில் என் வேலையைப் பற்றி ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. சாயங்காலமே ஸ்கேல் வைத்து, சிவப்பு மையில் கட்டம் போட்டு முடித்தேன். கோடு ஒன்றுகூடக் கோணவில்லை.

ஜூலை 4, வெள்ளி

ஜூலை 15 மண்டலப் போட்டிக்கான தொடர் ஓட்ட அணியிலிருந்து மாரிசெல்வியை சார் எடுத்துவிட்டார். அவளுடைய அடுத்த தேதி சரியாக 15. போய்க் கேட்டேன்.

"எட்டுன்னு அவளே எழுதிருக்கா. டிராக்குல மயங்கி விழுந்தா யாரு பதில் சொல்லுவா, நீங்களா நானா? பிள்ள நல்லதுக்குத்தான் மேடம்."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அணித் தேர்வில் தலையிடுவது என் வேலையும் இல்லை. மாரிசெல்வி சாப்பாட்டுக் கூடத்தில் தட்டில் கைவைத்தபடி அழுதுகொண்டிருந்தாள். பேச்சி பக்கத்தில் உட்கார்ந்து, அழுகிறவளைப் பார்க்காமல், கூடத்து ஜன்னல் வழியாக என் கதவில் தொங்கும் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 5, சனி

டென்ஸ் பட்டைகள் பசை போய்விட்டன. புதிதாகக் கேட்டு எழுதியிருக்கிறேன். எப்போது வருமோ.

ஜூலை 10, வியாழன்

பேச்சி: 4. பின்: 2.

என் கண்ணையே நம்பமுடியவில்லை. போன மாதம் ஒன்பது எழுதியவள்! தினமும் காலையில் நான் சொல்லிக்கொடுத்த இடுப்புப் பயிற்சிகளை விடாமல் செய்கிறாளாம். அதன் பலன்தான். கட்டிலில் படுத்திருந்தவள் காலில் தடித்த காலுறை போட்டிருந்தாள். இந்த வெக்கையில் எதற்கடி என்றால், "பாதம் சில்லுன்னு இருக்கு மேடம்" என்கிறாள். ரத்த ஓட்டத்துக்கு வெந்நீரில் கால் வைக்கச் சொன்னேன்.

ஜூலை 31, வியாழன்

இந்த மாதம் பதினோரு பெண்கள். ஒருத்தி கூட நாலுக்கு மேல் எழுதவில்லை. ஜூனில் சராசரி ஏழுக்குப் பக்கம். இப்போது மூன்று!

டிசம்பரில் கோயம்புத்தூரில் பிசியோதெரபி மாநாடு. இதைக் கட்டுரையாக எழுதப்போகிறேன். படித்து முடித்துப் பன்னிரண்டு வருடமாக அடுத்தவர் கிளினிக்குகளில் முழங்காலையும் முதுகையும் அமுக்கிக்கொண்டிருந்தவள் நான். என் பெயர் போட்ட கட்டுரை ஒன்று வரட்டுமே. அப்படி ஒன்றும் பெரிய ஆசை இல்லையே.

ஆகஸ்ட் 7, வியாழன்

பேச்சி: 3. பின்: 1. காலுறையோடுதான் வந்தாள்.

பட்டை ஒட்டும்போது அடிவயிற்றுத் தோலில் லேசான பழுப்புக் கோடுகள் தெரிந்தன. "ஷார்ட்ஸ் எலாஸ்டிக் மேடம், அரிச்சுச் சொறிஞ்சிட்டேன்" என்றாள். தேங்காயெண்ணெய் தடவச் சொன்னேன். எலாஸ்டிக் தடம் இடுப்பைச் சுற்றிப் போகும். இது வயிற்றின் நடுவில் மட்டும் இருக்கிறது. ஒவ்வொருத்தி தோலும் ஒவ்வொரு மாதிரி.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கட்டுரைச் சுருக்கத்தை அனுப்பியாயிற்று. பதினோரு பேர், மூன்று மாதம், மாத்திரை இல்லை. ஆகஸ்ட் எண்கள் ஜூலையைவிட நன்றாக இருக்கின்றன. வரைபடம் படிக்கட்டு மாதிரி அழகாக இறங்குகிறது.

செப்டம்பர் 4, வியாழன்

பேச்சி: 3. பின்: 1.

கோடுகள் கறுத்திருக்கின்றன. மீன்வலையை வயிற்றில் விரித்துப் போட்ட மாதிரி. அதைப் பார்த்ததும் எனக்கு ஏதோ ஒரு படம் ஞாபகத்துக்கு வந்தது. எங்கே பார்த்த படம் என்று பிறகு யோசிக்கலாம். இடதுபக்கப் பட்டையை எடுக்கும்போது விரல் கொஞ்சம் அழுத்திவிட்டது. கட்டிலைவிட்டு ஒரு முழம் எழும்பிவிட்டாள்.

"என்னட்டி?"

"கூச்சம் மேடம்." சிரித்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

செப்டம்பர் 6, சனி

வார்டன் லீலாபாய் அக்கா காலையில் என் அறைக்கு வந்து மேசை மேல் ஒரு துணி தேய்க்கும் பெட்டியை டங்கென்று வைத்தார். அதில் கருகிய துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"உங்க பேஷண்ட் பேச்சி பண்ணுன வேலையப் பாருங்க. ஹாஸ்டலே கருகின வாடை. இதச் சூடு பண்ணி, துண்டச் சுத்தி, வயித்துல வச்சிட்டுக் குப்புறப் படுத்துக் கெடக்கா. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, மாசத்துல பத்து நாளு. அந்த நாள்ல சோறும் எறங்கல, தண்ணியும் எறங்கல, குடிச்சதெல்லாம் வாந்தி. ஒரு நல்ல டாக்டர்ட்டக் காட்டுங்க மேடம்."

"அவ மூணுன்னுதானே எழுதியிருக்கா அக்கா" என்றேன்.

லீலாபாய் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "எழுதுனா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இந்த அம்மாவுக்கு எப்போதும் என் மேல் ஒரு இளக்காரம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

கோயிலில் பூசை முழுக்க மனது நிலைகொள்ளவில்லை. திரும்பி வந்ததும் பேச்சியைக் கூப்பிட்டேன்.

"திருநெல்வேலிக்குப் போய் ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வந்துருவோமா?"

முகம் செத்துவிட்டது. "மேடம், ஸ்கேனு கீனுன்னு காதுல விழுந்தா சார் பேர அடிச்சிருவாவ. இன்னும் நாலு வாரந்தான். மீட் முடியட்டும், நீங்க எங்க கூப்பிட்டாலும் வாரேன். சத்தியமா. எனக்கு ஒண்ணுமில்ல மேடம், மூணுதான்."

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

சரி என்று சொல்லிவிட்டேன். நாலு வாரத்தில் என்ன ஆகிவிடப்போகிறது? அவளுடைய வேலையும் பார்க்க வேண்டும் அல்லவா. அவளுக்காகத்தான் சரி என்றேன். மாநாட்டுக்காரர்கள் பதில் போட இன்னும் பத்து நாளாவது ஆகும்.

செப்டம்பர் 19, வெள்ளி

கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள்! அம்மாவுக்கு போன் பண்ணினேன். அம்மா அழுதுவிட்டாள்.

மாநிலப் போட்டி அக்டோபர் 3, 4, திருச்சியில். பேச்சியின் கட்டத்தில் அடுத்த தேதி அக்டோபர் 2. சங்கரநயினார் சாரும் பார்த்துவிட்டார். "மூணுதான மேடம், ஓடிருவா" என்றார்.

அக்டோபர் 2, வியாழன்

பேச்சி: 2. பின்: 1.

அக்டோபர் 4, சனி

மூன்றாம் இடம். வெண்கலம்.

கடைசிச் சுற்று பேச்சிதான் ஓடினாள். இடுப்பில் இரண்டு பட்டை டேப் ஒட்டி அனுப்பியிருந்தேன். குச்சி கைக்கு வரும்போது ஐந்தாவதாக இருந்தவள், கடைசி நூறு மீட்டரில் இரண்டு பேரைத் தாண்டினாள். தொண்டை கிழியக் கத்தினேன். சங்கரநயினார் சார் தொப்பியைத் தூக்கி எறிந்தார். மாரிசெல்வி ரிசர்வ் பெஞ்சில் இருந்து எழுந்திருக்கவே இல்லை.

கோட்டைத் தாண்டியதும் பேச்சி புல்லில் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் முட்டிக்கொண்டு கிடந்தாள். சாமி கும்பிடுகிறாள் என்று பேப்பர்காரர்கள் ஓடி ஓடிப் படம் எடுத்தார்கள். நானும் எடுத்தேன். எழுந்திருக்க ரொம்ப நேரமானது. மேடைக்கு மாரிசெல்வி தோளைப் பிடித்துக்கொண்டு போனாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். திரும்பி வரும் வழியில், மதுரையைத் தாண்டியதும், பஸ்ஸில் பேச்சி பச்சையாக வாந்தி எடுத்தாள். பிறகு இருக்கைக்கும் இருக்கைக்கும் நடுவில் விழுந்துவிட்டாள். உடனே ஆபரேஷன் என்று உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள். சங்கரநயினார் சார் செருப்பில்லாமல் நடந்துகொண்டிருக்கிறார். பஸ்ஸிலேயே விட்டுவிட்டார் போலிருக்கிறது.

அக்டோபர் 6, திங்கள்

இடது சினைப்பையை எடுத்துவிட்டார்கள்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரர், பொறுமையாகச் சொன்னார். சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கித் தேங்கிக் கட்டியாகியிருக்கிறது. எலுமிச்சை அளவில் பார்த்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம். ஆரஞ்சு அளவுக்கு வளர்ந்து, முறுக்கிக்கொண்டு, கறுத்தே போய்விட்டது. வலதுபக்கமும் கொஞ்சம் இருக்கிறது, வைத்தியம் தொடர வேண்டும்.

"எத்தனை மாசமா இந்த வலி?"

நோட்டு என் பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். எதற்குக் கொடுத்தேன் என்று இப்போதும் புரியவில்லை. அவர் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். ஒன்பது. நாலு. மூன்று. மூன்று. இரண்டு.

"இந்த நோட்டுப் பிரகாரம் இந்தப் பொண்ணுக்கு வலி குறைஞ்சுக்கிட்டே வந்திருக்கே மேடம்" என்றார். பிறகு, "வயித்துல அந்தச் சூட்டுத் தழும்பை யாருமே பார்க்கலையா?" என்று கேட்டார்.

நோட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வராந்தாவில் மாரிசெல்வி நின்றிருந்தாள். அவளிடம் கேட்டேன், ஏண்டி மறைத்தாள், நீயாவது என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று.

"அவ மட்டுமா மேடம்? எல்லாருந்தான். என் பேர எடுத்த அன்னைக்கே ரூம்ல பேசி முடிவு பண்ணிட்டோம், நாலுக்கு மேல யாரும் எழுதக் கூடாதுன்னு. சார் நோட்டப் பாத்துதான ஆள எடுக்காவ." கொஞ்சம் நிறுத்தி, "உங்களுக்குத் தெரியும்னுலா மேடம் நெனச்சோம். கட்டம் போட்டது நீங்கதான?" என்றாள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

காலையில் இந்த டைரியை ஜூனிலிருந்து படித்தேன். தெரியாது என்று நேற்று மாரிசெல்வியிடம் சொன்னேன். பொய். ஜூலை நாலாம் தேதி பேச்சி நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். வயிற்றுக் கோடுகள் என்ன என்றும் எனக்குத் தெரியும். அளவுக்கு மீறிய சூட்டை மாதக்கணக்கில் ஒரே இடத்தில் வைத்தால் தோலில் அப்படி வலைக் கோடு விழும். இரண்டாம் வருடப் பாடப்புத்தகத்தில், வலது பக்கத்தில், கலர் படத்தோடு இருந்தது. பரீட்சையில் எழுதி ஐந்து மார்க் வாங்கினேன். அவளுக்கு ஒன்பது வலிக்கிறது என்று ஒத்துக்கொண்டால் என் வரைபடம் படிக்கட்டாக இறங்காது. அதனால் தேங்காயெண்ணெய் தடவச் சொன்னேன்.

வெந்நீர்ப் பையும் டென்ஸும் நடையும் பொய் இல்லை. ஷர்மிளாவுக்கு, இன்னும் நாலைந்து பேருக்கு நிஜமாகவே கேட்டது. யார் யாருக்குக் கேட்டது என்று கண்டுபிடிக்கத்தான் இப்போது வழியில்லை. எல்லார் பெயருக்கு நேரேயும் ஒரே மூன்றுதான். மாநாட்டுக்காரர்களுக்குக் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதி, காரணத்தையும் எழுதி அனுப்பிவிட்டேன். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

பத்து மணிக்குப் பேச்சியின் அம்மா வந்தார். கையில் ஞாயிற்றுக்கிழமை பேப்பர். மண்டியிட்டுக் கிடக்கும் பேச்சியின் படம், கீழே 'மண்ணுக்கு நன்றி' என்று போட்டிருந்தது. அதை மடித்து மடித்துக் கசக்கி வைத்திருந்தார். என்னை வராந்தா மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"டாக்டரம்மா எல்லாஞ் சொன்னாவ. ஒண்ணு இருக்குல்லா, பிள்ள உண்டாகும்னுதான் சொல்லுதாவ. இத மட்டும் யாருட்டயும் சொல்லிராதிய தாயி. கட்டிக்குடுக்கணும். ஓட்டத்துல விழுந்து அடிபட்டுட்டான்னே சொல்லுங்க. உங்களத்தான் அவ தெய்வமா நெனச்சிட்டு இருக்கா, மேடம் கை வச்சா வலி பறந்துரும்னு போன்ல சொல்லிட்டே இருப்பா."

அவருக்கு முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். முடியவில்லை. அவர்தான் என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

மத்தியானம் வார்டுக்குள் விட்டார்கள். பேச்சி கண் திறந்திருந்தாள். முகம் வெளுத்து, உதடு வெடித்திருந்தது. மெடல் சான்றிதழை சார் தலையணை அருகில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எழுத்துப்பிழை இல்லாமல் அவள் பெயர்.

நர்ஸ் அட்டையோடு வந்தார். "ஏம்மா, வலி எப்படி இருக்கு? பத்துக்கு எத்தனைன்னு சொல்லு."

பேச்சி நர்ஸைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"மூணு" என்றாள்.

நர்ஸ் எழுதப்போனார். நான் போர்வையின் கால்மாட்டை விலக்கினேன். ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும்போது காலுறையைக் கழற்றியிருக்கிறார்கள். வெறுங்கால். இரண்டு காலிலும் கட்டைவிரல் பக்கத்து விரல் மேல் ஏறி முறுக்கிக்கொண்டு நின்றது, மற்ற விரல்கள் வெளுத்துச் சுருண்டிருந்தன.

"சிஸ்டர், ஒன்பதுன்னு எழுதுங்க" என்றேன்.

"பேஷண்ட் மூணுன்னு சொல்றாங்களே மேடம்."

"அப்படிச் சொல்லப் பழக்குனது நான்தான் சிஸ்டர். ஊசி போடுங்க."

நர்ஸ் ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேச்சியிடம் குனிந்து, "நெசமாவே எத்தனைம்மா?" என்றார்.

 அடித்துச் சாத்தியிருந்த ஏதோ ஒன்று திறந்துகொண்ட மாதிரிப் பேச்சியின் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கமாக இறங்கியது. "சாருட்ட சொல்லமாட்டியல்ல மேடம்?" என்று கேட்டாள்.

"சொல்லமாட்டேன்."

"பத்து" என்றாள்.

டிரிப்பில் மருந்து ஏற்றினார்கள். நான் கால்மாட்டிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம் கழித்து இடதுகால் கட்டைவிரல் மெல்லக் கீழே இறங்கியது. வலதுகால் இன்னும் இறங்கவில்லை. இதை எழுதிக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.